தங்கள் வாய்க்குள் நான் விரல் விட்டது பற்றி

மதிப்பும் மரியாதையும் என்றும் குறையாத சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் பல்செட்டும் இங்கு நலமாகவே இருக்கிறது. தங்கள் நலமும் சம்பந்தியம்மா நலமும் அறிய ஆவல். நேற்று முதல் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. கோபம் நியாயம்தான். அதனால் எழுத்தில் விளக்குகிறேன்.

பண்டிகை விடுமுறைக்கு எல்லோரும் கடையில் இனிப்புப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறார்களே, நாம் நம் கையாலேயே சாக்லேட் செய்து கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியதுதான் வினை. கட்டடம் கட்டடமாக ஏறித் தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவன் நான், எது எங்கே பற்றிக்கொள்ளுமோ என்று பயந்து பயந்தே சம்பளம் வாங்கியவன், ஆகவே அடுப்பில் கொதிநீர், அதன்மேல் கிண்ணம், கிண்ணத்தில் சாக்லேட், பக்கத்தில் ஒரு வாளி மணல் என்று முன்ஜாக்கிரதையோடுதான் ஆரம்பித்தேன். முதல் தடவை கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து, மொத்தமும் சிமெண்ட் மாதிரி இறுகிப்போனது. "மணலும் ரெடியா இருக்கு, ஒரு சுவர் எழுப்பிடுங்க" என்றாள் என் மனைவி. அடுத்த தடவை பிரமாதமாக வந்தது. வறுத்த நிலக்கடலையை உடைத்துப் போட்டு, ஐஸ் தட்டில் ஊற்றிக் குளிரவைத்து, பளபளப்புத் தாளில் சுற்றி, நாடா கட்டி, முதல் டப்பாவை உங்களுக்குத்தான் கொடுத்தனுப்பினேன்.

அப்புறம் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். ரயிலில் இருந்தாள். நான் பெருமையாக விஷயத்தைச் சொல்ல, அவள் அலறினாள்.

"ஐயோ அப்பா! பருப்பு எதுவும் போடலையே? மாமாவுக்கு அந்தப் பருப்பு ஆகவே ஆகாது. போன வருஷம் ஒண்ணே ஒண்ணு வாயில போட்டாரு, தொண்டை வீங்கி, மூச்சு விட முடியாம, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்!"

எந்தப் பருப்பும்மா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. நான் போட்டதே ஒரே பருப்புதானே! உங்களுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. நீங்கள் தரையில் கிடக்கிறீர்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். என் மகளைச் சொந்த மகள் மாதிரி வைத்திருக்கும் மனுஷனை நானே கொன்றுவிட்டேனே, அவள் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று நினைத்துக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினேன். கையெல்லாம் காய்ந்த சாக்லேட். வழியில் கடை வாசலில் நின்ற சலூன்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரத்தமா?" என்று கத்தரியும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்தார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது நீங்கள் விருந்தினரோடு சோபாவில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தீர்கள்.

"துப்புங்க சம்பந்தி, துப்புங்க!"

"எதைங்க?" என்றீர்கள்.

விளக்க நேரம் ஏது? முதுகில் ஓங்கி அறைந்து, வாயைப் பிளந்து, விரலை விட்டேன். பல்செட்தான் கையோடு வந்தது. நீங்கள் மென்றது இருமல் மாத்திரை என்பதும், என் டப்பா நாடாகூட அவிழாமல் மேஜைமேல் இருந்தது என்பதும் அப்புறம்தான் கண்ணில் பட்டது. பதற்றத்தில் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். இன்னொரு கையில் உங்கள் பல் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

மன்னிக்க வேண்டும். பல்செட்டை வெந்நீரில் கழுவிவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வந்து சேரும். சமாதானத்துக்குப் புது டப்பா ஒன்றை என் மனைவியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாத்திரம் புதிது, கரண்டி புதிது, நிலக்கடலையின் வாசனைகூடப் படவில்லை. முழுக்க முழுக்க உயர்ந்த ரக பாதாம். இப்போது உங்களால் மெல்ல முடியாது என்பதால் மாவாக அரைத்தே போட்டிருக்கிறேன், வாயில் வைத்ததும் தானாகக் கரைந்து உள்ளே போய்விடும். பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

தங்கள் குடும்பத்தார் அனைவரும் மூச்சு முட்டாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு: மகள் இப்போதுதான் மறுபடி கூப்பிட்டாள். நிலக்கடலையைத் தாங்கள் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவீர்களாம். ஆகாதது பாதாமாம். என் மனைவியின் போன் இங்கே மேஜைமேல் அடித்துக்கொண்டிருக்கிறது, அவள் இந்நேரம் உங்கள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள். இதோ, நானே ஓடி வருகிறேன். அதுவரை எதற்காகவும் வாயைத் திறக்காதீர்கள், என்னைத் திட்டுவதற்குக்கூட.