தியானத்தில் கேட்ட ஒப்பாரி

எனக்கு ஒரு தடவை ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். பாயில் மல்லாந்து படுத்தபடி, கண்ணைத் திறக்காமல், கணிசமான பகுதியை நானே கேட்டேன். செத்த பிறகு ஊர் நம்மைப் பற்றி என்ன பேசும் என்று தெரிந்துகொள்ளப் பலருக்கும் ஆசை இருக்கும். தெரியாமல் இருப்பதே நல்லது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற தெரு எங்களுடையது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓடிய நான்கு தறிகளை அம்மா பார்த்துக்கொண்டாள். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் அடுப்படி வேலை. நான் பி.காம். கடைசி வருஷம். பரீட்சை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், படித்த பக்கமே புதிதாகத் தெரியும். (அதை நான் முன்பு படிக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம்.) பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நாளெல்லாம் அடுப்பு வெக்கையில் நிற்கிற மனிதரிடம் போய், பெஞ்சில் உட்கார்ந்து எழுதப் பயமாயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே தியானம் செய்வது என்று முடிவெடுத்தேன். தோழி ஒருத்தி போனில் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தாள். அதில் ஒரு பெரியவர், குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் பேசினார். வெள்ளை உடை உத்தமம். மல்லாந்து படுக்க வேண்டும். கைகால்களைத் தளரவிட வேண்டும். எந்தச் சத்தம் வந்தாலும் வரட்டும், அதன் பின்னால் போகக் கூடாது.

தறி ஓடுகிற வீட்டில் அவர் குரலே கேட்கவில்லை. தியானம் பண்ண வேண்டும், தறியைச் செத்த நேரம் நிறுத்த முடியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான்கையும் நிறுத்தினாள். தியானம் என்றால் சாமி காரியம்தானே என்று தலைமாட்டில் விளக்கேற்றி, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்தாள். தறிதான் நிற்கிறதே, மாவாவது அரைத்துவிட்டு வருவோம் என்று கதவை ஒருக்களித்துவிட்டுக் கிளம்பிப் போனாள். நான் வெள்ளைச் சுடிதாரோடு பாயில் மல்லாந்தேன்.

எங்கள் தெரு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வேலை நாளில், கரண்ட் இருக்கும்போது ஒரு வீட்டில் தறி மொத்தமாக நின்றால் அந்த வீட்டில் சாவு. என்ன ஏது என்று விசாரிக்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர்கள் மரியாதைக்குத் தங்கள் தறியை நிறுத்திவிடுவார்கள். அதைக் கேட்டு அடுத்த வீடு நிறுத்தும். பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் கிடக்கிற எனக்கு அது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்கும்தான்.

சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறி ஓய்ந்தது. பிறகு எதிர் வீடு. பிறகு தெருக்கோடி. உலகத்தின் சத்தங்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டு விலகிக்கொண்டிருந்தன. முதல் நாளே இப்படி ஒரு நிலையா என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்புறம் காலடிச் சத்தம் கேட்டது. நான் பின்னால் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். அதன் பின்னாலும் போகவில்லை. தலைமாட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வீட்டு மாரியம்மாள் அத்தை ராகமெடுத்தாள். படித்துப் படித்தே தேய்ந்துபோன பிள்ளையாம் நான். தெருவிலேயே என்னைப் போல அடக்கமான பெண் கிடையாதாம். (முந்தின வாரம்தான் என்னை வாயாடி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.) மூக்கு கொஞ்சம் சப்பைதான் என்றாலும் குணம் தங்கமாம். அந்த மூக்கு விஷயத்தில் என் தியானம் கலைந்தது. கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தேன்.

அத்தை போட்ட கூச்சலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளேயும், உள்ளே இருந்தவர்கள் வெளியேயும் ஓடினார்கள். மாவுத் தூக்கோடு வந்த அம்மா, தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் தூக்கைக் கீழே போட்டுவிட்டாள். விவரம் புரிந்ததும் சிரிப்பு. அத்தை மட்டும் அழுதுகொண்டே என் முதுகில் நாலு அடி போட்டாள். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், அப்பாவுக்குப் போன் போட்டாயிற்றே என்று. சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் சாவுச் செய்தியைப் போனில் சொல்வதில்லை. "ஒடனே கெளம்பி வாங்க" என்று மட்டும்தான் சொல்வார்கள். அப்பாவுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். நான் பதறிப்போய்க் கூப்பிட்டேன். கூட வேலை செய்கிறவர் எடுத்தார். அப்பா கரண்டியைக் கொதிக்கிற பாலில் அப்படியே விட்டுவிட்டு, போனையும் மறந்து பஸ்ஸுக்கு ஓடிவிட்டாராம்.

இனி அவரிடம் சொல்ல வழியில்லை. பஸ் வந்து சேர்கிறவரை அவர் மனசில் நாங்கள் மாறி மாறிச் செத்துக்கொண்டிருப்போம். பஸ் நிற்கிற பாலத்துப் பக்கம் போய் நின்றேன். அன்றைக்குப் பயந்த மாதிரி எந்தப் பரீட்சைக்கும் நான் பயந்ததில்லை.

அப்பா இறங்கினார். வெள்ளை உடையில் என்னைப் பார்த்ததும் அவர் கால் நகரவில்லை.

"அம்மாவா?" என்றார்.

"இல்லப்பா. யாருக்கும் ஒண்ணுமில்ல. நான் தியானம் பண்ணுனேன்."

(இதைவிடக் கேவலமான விளக்கத்தை எந்தப் பெண்ணும் தகப்பனுக்குத் தந்திருக்க மாட்டாள்.) நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கேட்டார். கைகளில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. என்னத்துக்குத் தியானம் என்று மட்டும் கேட்டார்.

"பரீட்சைய நெனச்சா பயமா இருக்குப்பா. நெஞ்சு கெடந்து அடிக்குது."

அப்பா என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். சட்டைக்குள் அது தறியைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எம்புட்டு அடிக்குது பாருட்டி. மொதல்ல இது அடங்கட்டும். பொறவு ஒன்னுதைப் பாப்போம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நெஞ்சு அடங்குகிறவரை இரண்டு பேரும் அந்தச் சுவரிலேயே உட்கார்ந்திருந்தோம்.

பரீட்சை எழுதினேன், சுமாராகத் தேறினேன். அடிபிடித்த பால்கோவாவைக் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறோ குழம்போ தீய்ந்துபோனால், அது தியானத்துக்குப் போய்விட்டது என்றுதான் அம்மா சொல்வாள். மாரியம்மாள் அத்தை, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட இந்தக் கதையை மூக்கோடு சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டாள்.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். அப்பா போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை, என் பெயரையும் சொல்வதில்லை. எடுத்ததும், "யாருக்கும் ஒண்ணுமில்லட்டி" என்பார்.

"எனக்கும் ஒண்ணுமில்லப்பா" என்று நான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் சாப்பிட்டாயா என்று கேட்பார்.