அசல் சினலோவா

கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது, பரப்பிய மரத்தூள் இருந்தது, ஒளிந்துகொள்ளக் கவிழ்த்து வைத்த மண்சட்டி இருந்தது. பாம்பு மட்டும் இல்லை.

லீலண்ட் மண்சட்டியை மூன்றாவது முறையாகத் தூக்கிப் பார்த்தான். காலையில் தண்ணீர் மாற்றும்போது போன் அடித்தது. மூடியைச் சாத்தினான், கொக்கியை மாட்டவில்லை. அத்தான் ஹார்லன் எழுதி வைத்துவிட்டுப் போன நாலு பக்கக் குறிப்பில் கொக்கியைப் பற்றி மட்டும் முக்கால் பக்கம் இருந்தது. லீலண்ட் அதன்மேல்தான் காப்பிக் கோப்பையை வைத்திருந்தான்.

விவாகரத்துக்குப் பிறகு டல்ஸாவில் அக்கா கொரீன் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கிக்கொண்டு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் அவன். வீட்டு எஜமானரான ஹார்லன் அந்த வட்டாரப் பாம்பு வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். மொத்தம் இருபத்திரண்டு உறுப்பினர்கள். அதில் பாதிப் பேரோடு தலைவர் பேசுவதில்லை. அவர்களுடைய பாம்புகள் கலப்படமாம்.

ஹார்லனுடையது பால்பாம்பு. பால் குடிக்காது, உறைந்த எலியைச் சூடுபடுத்திக் கொடுத்தால் தின்னும். விஷம் கிடையாது. உடம்பு முழுக்கச் சிவப்பும் கறுப்பும் வெளுப்புமாக வளையங்கள். அதில் சினலோவா என்று ஒரு கிளையினம், நெல்சன் என்று இன்னொன்று. இரண்டும் அண்ணன் தம்பி போல ஒரே சாயல். கடைகளில் விற்பதெல்லாம் இரண்டையும் கலந்துகட்டிய சரக்கு என்றும், தன்னுடைய ‘கவர்னர்’ மட்டும் பதினொரு வருஷமாகத் தன் கையால் வளர்ந்த அசல் சினலோவா என்றும் ஹார்லன் சொல்வார். பதின்மூன்று சிவப்புப் பட்டை, பழைய செங்கல் நிறம். நன்றி நவிலும் நாள் விருந்தில் வான்கோழி ஆறிப்போகும் வரை இதையேதான் சொன்னார்.

அவரும் கொரீனும் மிசௌரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. திரும்ப இன்னும் எட்டு நாள்.

லீலண்ட் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பார்த்தான், குளிர்பெட்டிக்கு அடியில் பார்த்தான். பாம்பு போன தடம் தெரியட்டும் என்று தரை முழுக்க மைதா மாவைத் தூவினான். மறுநாள் காலையில் அவனுடைய தடம்தான் நன்றாகத் தெரிந்தது. மாவை உறிஞ்சப் போன இயந்திரம் இருமிவிட்டு நின்றுபோனது.

வேறு வழியில்லாமல் நெடுஞ்சாலையோரச் செல்லப்பிராணிக் கடைக்குப் போனான். ‘பால்பாம்பு, பலவகை’ என்று சீட்டு ஒட்டிய தொட்டியை ஜோலீன் என்ற கடைப்பெண் காட்டினாள். இது சினலோவாவா, நெல்சனா என்று லீலண்ட் கேட்டான்.

“உங்களுக்கு எது வேணும்?”

“சினலோவா.”

“அப்ப சினலோவாதான்.”

போனில் இருந்த கவர்னர் படத்தை வைத்துக்கொண்டு பட்டைகளை எண்ணினான். பாம்பு நெளிய நெளிய ஒருதரம் பன்னிரண்டு வந்தது, ஒருதரம் பதினாலு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, பதின்மூன்று என்று மனசைத் தேற்றிக்கொண்டு வாங்கி வந்தான்.

வீட்டில் பெட்டிக்குள் விட்டதும் தெரிந்தது, இது செங்கல் அல்ல, தக்காளி. கண்ணைப் பறித்தது. வெளிச்சத்தைக் குறைத்தால் நிறம் மட்டுப்படும் என்று மஞ்சள் விளக்கை மாட்டினான். பாம்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்து, சினலோவாவும் இல்லாமல் நெல்சனும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு கிளையினம் ஆனது. பழைய விளக்கையே மாட்டினான்.

கடவுள் ஐந்தாம் நாள் கண் திறந்தார். பாம்பின் கண்கள் பால் படிந்தது போல மங்கின, உடம்பெல்லாம் தூசி பூத்த மாதிரி ஆனது. தோலுரிக்கத் தயாராகிறது. சிவப்பு இறங்கி இறங்கி, அச்சு அசல் பழைய செங்கல். லீலண்ட் அன்று பீட்சா வரவழைத்துக் கொண்டாடினான்.

அப்போதுதான் ஹார்லன் போன் செய்தார். பால்பாம்புகளின் நிறவேறுபாடு பற்றிப் புத்தகம் எழுதிய டாக்டர் ஆஸ்குட் அம்மையார் ஞாயிறு மதியம் கவர்னரைப் பார்க்க வருகிறாராம். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சங்கத்தில் ஒருத்தனும் வாய் திறக்க முடியாதாம். கடைசியில், “அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் பெட்டியைக் கட்டி வாசல்ல வச்சிடுவேன், மச்சான்,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். லீலண்ட் மிச்சப் பீட்சாவை மூடி வைத்தான்.

ஞாயிறு காலை பாம்பு தோலை உரித்துப் போட்டது. உள்ளேயிருந்து புதுத் தக்காளி ஒன்று பளபளவென்று வெளியே வந்தது.

மதியம் ஊரிலிருந்து திரும்பிய ஹார்லன், கொரீன், டாக்டர் ஆஸ்குட் மூவரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். லீலண்ட் கதவோரம் நின்றான். மனசுக்குள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். ஹார்லன் பாம்பை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

“பாத்தீங்களா டாக்டர் அந்தச் சிவப்பை? பதினொரு வருஷ வளர்ப்பு.”

டாக்டர் ஆஸ்குட் பூதக்கண்ணாடியால் மூக்கைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார், பட்டைகளை எண்ணினார். அவருக்கும் ஒருதரம் பன்னிரண்டு, ஒருதரம் பதினாலு. இவ்வளவு தூய சினலோவாவைத் தாம் பார்த்துப் பல காலம் ஆகிறது என்றார். ஹார்லனுக்குக் கண் கலங்கிவிட்டது.

லீலண்ட் விட்ட பெருமூச்சு முடியவில்லை. சோபாவுக்கு அடியிலிருந்து, உடம்பெல்லாம் மைதா அப்பிக்கொண்டு, கவர்னர் ஊர்ந்து வந்து டாக்டரின் செருப்பின் மேல் ஏறியது.

ஹார்லன் அதைக் கையில் எடுத்தார். மாவைத் துடைத்தார். திருப்பிப் பார்த்தார். லீலண்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

“இந்தக் கலப்படம் யாரோடது?”

லீலண்ட் கண்ணைத் திறந்தான். “என்… என்னோடதுதான் அத்தான்.”

ஹார்லன் அவனைத் திட்டக்கூட இல்லை, பாவம் என்று பார்த்தார். பிறகு டாக்டரிடம் பாம்பை நீட்டி, அழுக்குச் சிவப்பு, அகலமில்லாத பட்டை, பாதி நெல்சன், கடைச் சரக்கு எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று பத்து நிமிஷம் பாடம் எடுத்தார். டாக்டர் ஆமோதித்தார். ரத்தம் கலந்துவிடும், இந்த வீட்டுக்குள் இது இருக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. லீலண்ட் கவர்னரைத் தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்கு வந்து, அங்கிருந்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தான்.

கொரீன் பின்னாலேயே வந்தாள். அவளிடம் மறைக்க மனசு வரவில்லை. கொக்கி, மைதா, கடை, தோல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

“பதினொரு வருஷம் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த பாம்புக்கா. அதையே அடையாளம் தெரியாம கடைச் சரக்குன்னு சொல்லித் துரத்திட்டார்.”

கொரீன் உறைக்குள் எட்டிப் பார்த்தாள். கொட்டகைக் கதவை மெல்லச் சாத்தினாள்.

“சரியாத்தான் சொல்லியிருக்கார். அது போன நவம்பர்ல நான் ஜோலீன்கிட்ட வாங்கி மாத்தி வச்ச நாலாவது கவர்னர்.”