ஆஸ்டினுக்குத் தைலம்

கிருஷ்ணமணி ஆசான் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். எஞ்சின் எண்ணெய் அவர் மார்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சந்தைமுக்கு டைட்டஸுக்கு ஆளு விடட்டா?" என்றாள் மனைவி முத்துக்கனி. "எண்ணெய் மாத்த என்ன பெரிசா கேட்டிரப்போறான்?"

"ஏட்டி, இந்தத் தாலுகாவுல ஒடிஞ்ச எலும்பெல்லாம் என் கையிலதான் பொருந்துது. நானே ஒரு மெக்கானிக்குக்குக் கூலி குடுத்தா, நாளைக்கு எவன் என்கிட்ட வந்து காலை நீட்டுவான்?"

முத்துக்கனி அடுக்களைக்குள் போனாள். ஆசான் வர்ம வைத்தியர். நூற்றெட்டு வர்மமும் அறிந்தவர். ஒருமுறை முட்ட வந்த காளையின் நெற்றியில் ஒற்றை விரலால் தட்டினார். அது மூன்று நாள் நின்ற இடத்திலேயே சிரித்தபடி நின்றது. அப்படிப்பட்ட விரலுக்கு முன்னால் தக்கலையில் யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை.

கப்பலேறிப் போன தோட்டத்துத் துரையிடம் வாங்கிய ஆஸ்டின் கார் அது. அதுவும் எதிர்த்ததில்லை. சனிக்கிழமைதோறும் ஆசானே பிரிப்பார், அவரே பூட்டுவார். திங்கட்கிழமை எடுத்தால் பூனைக்குட்டி மாதிரி ஓடும். மெக்கானிக் கை படாத வண்டி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பழைய எண்ணெய் முழுக்க வடிந்த பிறகுதான், புது எண்ணெய் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்தது காயத்திருமேனித் தைலம்.

"உராயற மூட்டுக்குத் தைலம். மனுசனுக்கும் அதுதான், வண்டிக்கும் அதுதான்" என்று குடத்தோடு ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்துக் கோட்டாற்று முதலாளியின் காரியஸ்தர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"ஆசானே, மொதலாளி குளத்துப்படியில வழுக்கித் தோளு எறங்கிட்டு! பொழுது சாயதுக்குள்ள வந்திரணும்."

ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்தத் தோளைப் பூட்டிவிட்டால் பேர் திருவனந்தபுரம் வரை போகும். போய்ச் சேராவிட்டால் நோயாளிகள் அத்தனை பேரும் போட்டி வைத்தியரான இரணியல் ஆசான் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

"ஏறும் ஓய், கார்ல போவோம்."

முத்துக்கனியின் முகம் வெளுத்தது. "இண்ணைக்கேயா? பிரிச்ச வண்டியைத் திங்கக்கிழமை எடுத்தா போதாதா?"

வண்டி கிளம்பிவிட்டது.

குமாரகோவில் விலக்குத் தாண்டியதும் புகை வந்தது. பச்சைப் புகை, தைல மணத்தோடு. ரோட்டோரம் இருந்த முட்டுவலிக் கிழவர்கள் நாலு பேர் அதை மோந்ததும் கம்பைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவரத் தொடங்கினார்கள்.

எஞ்சின் இருமியது. "வாயு அடைச்சிருக்கு" என்று பானெட்டைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினார் ஆசான். இருமல் நின்றது, ரேடியேட்டர் குழாய் பிளந்தது. பையிலிருந்து மூங்கில் சிம்பு, உளுந்துமாவு, முட்டை, துணி எல்லாம் எடுத்து, எலும்புக்குப் போடுவது போலவே குழாய்க்கும் கட்டுப் போட்டார். வில்லுக்குறி வருவதற்குள் கட்டு வெந்து வடை மணம் எழுந்தது. இப்போது கிழவர்களோடு நாய்களும் ஓடிவந்தன.

"ஆசானே, பொழுது..."

"பேசாம இரும். நரம்பைத் தேடுதேன்."

ஒரு வயரைக் கண்டுபிடித்துச் சுண்டி இழுத்தார். வண்டி மொத்தமாக அடங்கியது. காரியஸ்தர் மேற்கே இறங்கும் சூரியனையும் ஆசானையும் மாறி மாறிப் பார்த்தார்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. டைட்டஸ்! முத்துக்கனி அனுப்பியிருந்தாள். காரியரில் எண்ணெய் டின்னும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு புதுக் குழாயும் இருந்தன.

வேறு வழியில்லை. ஆசான் தொண்டையைச் செருமினார். "லே, பாத்துத் தொடு. மெக்கானிக் கை படாத வண்டி."

டைட்டஸ் பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டு, தன் பேர் கொத்திய ஸ்பேனரை எடுத்தான்.

"இது எப்பிடிலே என் வண்டிக்குள்ள?"

"ஞாயித்துக்கிழமை உச்சைக்கு நீங்க உறங்கும்போ முத்துக்கனி அக்கா ஆளு விடும். நீங்க பிரிச்சதை நான் பூட்டிட்டுப் போவேன். வாரா வாரம் சுமக்காண்டாம்னு இங்கயே வச்சிருக்கேன்."

ஆசான் மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார். யாரோ அவர் வர்மத்திலேயே தட்டியது போலிருந்தது. டைட்டஸ் தைலத்தை வடித்து, எண்ணெய் ஊற்றி, குழாயை மாற்றி, வண்டியைக் கிளப்பிக் கொடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை. ஒரு மைல் ஓடிய பிறகுதான் மெல்ல முதுகு நிமிர்ந்தது.

"இரும்புதானே ஓய், போட்டும்" என்றார் காரியஸ்தரிடம். "மனுச உடம்பு அப்பிடியில்ல. என் கை பட்டா பட்டதுதான், பொறவு ஒருத்தன் தொடாண்டாம். ராத்திரி ஆனாலும் ஒண்ணுமில்ல, பைய போவோம்."

காரியஸ்தர் பதறிப்போனார்.

"பைய போனா எப்பிடி ஆசானே? நீங்க பூட்டினதையெல்லாம் மறுபடி பூட்டதுக்குன்னு மிஷன் ஆசுபத்திரி டாக்டர் பொழுது சாயுற வரைக்கும்தானே காத்திருப்பாரு!"