நான்கு நூலும் ஒரே நிறம்

சுத்தம் செய்கிறேன் என்று நான் எதைத் தொட்டாலும் அது உருப்படாது. என் மனைவி சாந்தாமணி கல்யாணமான முதல் வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் புரிய ஒரு இணையதளம் தேவைப்பட்டது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. தையல் மெஷின்களைப் பற்றித் தொழிலாளர்களே எழுதி, படம் போட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஒரு தளம் தொடங்கினேன். (எழுதி என்றா சொன்னேன்? எல்லாரும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள். தட்டச்சு செய்வது நான்.) அதில் அதிகம் பேர் பார்த்தது, மெக்கானிக் பால்ராஜ் அண்ணன் போட்ட ஓவர்லாக் பக்கம். துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற அந்த மெஷினுக்கு நான்கு நூல் கோர்க்க வேண்டும். ஒன்று தடம் மாறினாலும் தைக்காது. அண்ணன் திருநெல்வேலிப் பக்கம்; பேச்சில் சிக்கனம். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு நூலைக் கோர்த்துப் படமெடுத்து, "செவப்பு போற வழியில செவப்ப விடு, மத்ததும் அப்படித்தான்" என்று பாடத்தை முடித்துவிட்டார்.

சாந்தாமணிக்கு முதலிபாளையத்தில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்து வந்த பனியனில் குறை தேட வேண்டும். (வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.) சாயங்காலம் கால் வீங்கித்தான் வருவாள். டெய்லர் ஆகிவிட்டால் உட்கார்ந்து வேலை செய்யலாம். அதற்கு ட்ரையல் என்று ஒரு பரீட்சை உண்டு. சூப்பர்வைசர் நூலையெல்லாம் உருவிவிட்டு, கோர்த்துத் தைக்கச் சொல்வார். தைப்பதைச் சாப்பாட்டு இடைவேளைகளில் பழகிவிட்டாள். கோர்ப்பதற்குப் போனைப் பார்த்துக்கொள்ள அனுமதி இருந்தது. புதன்கிழமை ட்ரையல்.

செவ்வாய்க்கிழமை, தளத்தில் இடம் நிரம்பிவிட்டதாக அறிவிப்பு வந்தது. நிரப்பியவை மெஷின் படங்கள் அல்ல. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள். ஒருவர், மகள் வயசுக்கு வந்ததற்குச் செய்த திரட்டிச் சீர் படங்களை 'ஊசி உடைந்தால்' என்ற பக்கத்தில் ஏற்றியிருந்தார். அழித்தால் வருத்தப்படுவார்கள், நமக்கெதற்குப் பொல்லாப்பு? எல்லாப் படங்களையும் சுருக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினேன். 'பழைய படங்களை அழிக்கவா?' என்று கேட்டது. தாராளமாக அழி என்றேன். பாதி இடம் மிச்சமானது. துணிக்குச் சாயம் போட்டே பிழைக்கிற ஊரில் உட்கார்ந்துதான் இதைச் செய்தேன்.

புதன் காலை போன் வந்தது.

"ஏனுங்க, இதுல செவப்பு நூல் எதுங்க?"

"படத்துல பாரு."

"பாத்துட்டுத்தானுங்க கேக்கறேன். நாலும் சாம்பலாட்டம் இருக்குது."

அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசரின் குரல் கேட்டது: "ஆச்சுங்களா?"

குத்துமதிப்பாகக் கோர்த்திருக்கிறாள். மிதித்ததும் நூல் அறுந்தது. இரண்டாம் முறை மெஷின் பனியனையே கடித்துக்கொண்டது. "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றாராம் சூப்பர்வைசர். எங்கள் ஊர் மரியாதையில் அதற்கு 'போய் நில்லு' என்று பொருள்.

அன்று சாயங்காலம் அவள் என்னைத் திட்டவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

பால்ராஜ் அண்ணனிடம் போய் நின்றேன். பழைய படங்கள் அவர் போனிலும் இல்லை. "என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டிய? இதப் பாத்து என்னாலயே கோக்க முடியாதுல்லா" என்றவர், ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணியைத் தன் பட்டறைக்கு வரச் சொன்னார். அவள் கோர்த்தாள், நான் படமெடுத்தேன். என் கை ஆடி ஆடிப் படம் கலங்கியதால் பதினேழு முறை கோர்க்க வேண்டியதாயிற்று. அடுத்த ட்ரையலில் அவள் போனை வெளியே எடுக்கவே இல்லை.

இப்போது அவள் ஓவர்லாக் டெய்லர். தளத்தின் பாஸ்வேர்டும் அவளிடம்தான். அந்தப் பக்கத்தின் முதல் வரி அவள் எழுதியது: "இந்தப் படங்களில் என் வீட்டுக்காரர் கை வைக்கக் கூடாது." அந்த வரியை எடுக்கச் சொல்லிப் பலமுறை கெஞ்சிவிட்டேன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கீழே எழுதுகிறார்கள்: "நூல் கோத்துட்டேனுங்க அக்கா. வீட்டுக்காரர் இப்பச் சும்மா இருக்காருங்களா?"

அவள் பதில் போடுகிறாள்: "போன வாரம் பீரோவைச் சுத்தம் பண்றேன்னாருங்க. சாவியை வாங்கி வெச்சுக்கிட்டேன்."