ஜவுபர் முதலாளிக்குக் கால் முறியாத கதை

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஜவுபர் முதலாளி தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு தீர்மானம் எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல் அதை வாய்விட்டும் சொல்லிவிட்டார். அதுதான் அவர் விட்ட பிழை.

"இந்த ஊட்டுல என்ட பேச்சுக்கு மேல பேச்சில்ல. மகள் அம்ஹா கடினபந்துக் கிரிக்கெட் விளையாடப் போறல்ல. பள்ளிக்கூடக் கடிதத்தில ஒப்பம் வைக்கமாட்டன். முடிஞ்சிது கதை!"

'இந்த ஊடு' என்று அவர் சொன்ன வீடு, கல்முனைப் பக்கத்து வழக்கப்படி, கலியாணத்தின்போது மனைவி பஸ்மினாவின் பெயருக்கு எழுதப்பட்ட வீடு. அவர் ஒரு சூட்கேசோடு மாப்பிள்ளையாக வந்து இறங்கியவர். வளவு அவள் பெயரில். கிணறு அவள் பெயரில். இருபத்தொரு வருடமாகியும் அங்கே அவர் பெயரில் இருந்தது தண்ணீர் பில் மட்டும்தான்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த பஸ்மினா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஏன் விளையாடப்படா?"

"ஆபத்து."

"என்ன ஆபத்து?"

"அது பந்தில்ல புள்ள, கல்லு. தோல் போத்தின கல்லு! மூக்குல பட்டா மூக்கு இருக்காது. பல்லுல பட்டா பல்லு இருக்காது."

"அதுக்குத்தானே ஹெல்மட் போடுற."

"ஹெல்மட் போட்டாப்போல சரியா?"

"மச்சான், மோட்டார் சைக்கிள்ல போகக்குள்ள ஒங்கட ஹெல்மட் எங்க இருக்கிற?"

அவருடைய ஹெல்மட் எப்போதும் கைபிடியில் தொங்கும். பொலிஸைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏறும்.

"அது வேற கதை," என்றார் ஜவுபர்.

"ஓம், வேற கதைதான். லொறிக்குப் பக்கத்தால வெறுந்தலையோட போறது ஆபத்தில்ல. பந்துக்கு முன்னால தொப்பியோட நிக்கிறதுதான் ஆபத்து."

ஜவுபரைக் கோழை என்று சொன்னால் அது பாவம். அம்ஹா, அவருக்கும் பஸ்மினாவுக்கும் கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு, எத்தனையோ துஆவுக்குப் பிறகு பிறந்த ஒரே பிள்ளை. இரண்டு வயதில் சீமெந்துப் படியில் விழுந்து நாடியில் மூன்று தையல் போட்டார்கள். பிள்ளை அழவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற வாப்பாதான் மயங்கி மேசையில் மோதி, அவருக்கு நாலு தையல். அன்றைக்குப் பிடித்த பயம். இப்போது அம்ஹாவுக்குப் பன்னிரண்டு வயது. வளவுச் சுவரில் கரியால் ஒரு வட்டம் கீறி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்குப் பந்து வீசுவாள். டொக். டொக். டொக். ஒவ்வொரு டொக்கும் ஜவுபரின் ஈரக்குலையில் விழும். இப்போது பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கடினபந்து அணி தொடங்கி, முதல் ஓவர் போட அவளைத் தெரிவுசெய்துமிருக்கிறார்கள். பெற்றோர் சம்மதக் கடிதம் வியாழக்கிழமைக்குள் போகவேண்டும்.

பேச்சில் பஸ்மினாவை வெல்ல முடியாது என்பது ஜவுபருக்குத் தெரியும். ஆகவே தந்திரம் செய்வோம் என்று முடிவு கட்டினார். பஸாரில் அவருடைய ஹாட்வெயார் கடைக்கு அடுத்த கடை நேசராசாவின் தையல் கடை. வாலிபத்தில் வேகப்பந்து வீசியவர் என்று நேசராசாவே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

"நேசண்ணன், எனக்கு ஒரு பந்து போடணும்."

"போட்டாப் போச்சு. என்னத்துக்கு?"

"அது என்ட கால்ல படணும். நான் உழுந்து பிரண்டு கத்துவன். அம்ஹா பாப்பாள். பயந்து அத்தோட விட்டிருவாள்."

"தம்பி, கடினபந்து முழங்கால்ல பட்டா நீ நடிக்கத் தேவையில்ல. தானாக் கத்துவாய்."

இந்த விஷயம் ஜவுபருக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆனாலும் ஹாட்வெயார்க்காரன் மூளை சும்மா இருக்குமா? ஒரு டென்னிஸ் பந்தை வாங்கினார். மறுநாள் பகல் கடையிலிருந்த சிவப்பு எனமல் பெயின்டை எடுத்துப் பூசினார். அசல் கடினபந்து! வெள்ளைத் தையல் கோட்டை மட்டும் நேசராசா போட்டார். தையல்காரர் அல்லவா, கோடு பிசகவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில சாமியாருக்கு இதையும் சொல்லத்தான் வேணும்," என்றார் நேசராசா.

"சொல்லுங்க. என்ட பேர மட்டும் சொல்லாதிங்க. சாமியார் நம்மட கடையிலதான் பெயின்ட் வாங்குற."

எனமல் பூசினால் எட்டு மணித்தியாலம் காயவிட வேண்டும். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஜவுபர் இதைச் சொல்லித்தான் விற்பார். தனக்கென்று வந்தபோது அவர் விட்டது மூன்று மணித்தியாலம்.

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து, ஜவுபர் வளவில் துடுப்போடு நின்றார். வெள்ளைச் சாறன், வெள்ளைப் பெனியன். 'கடினபந்து எண்டா என்னெண்டு நானும் பாக்கிறன்' என்று காலையிலேயே அறிவித்திருந்தபடியால் அம்ஹா வாசலில் வந்து நின்றாள். குசினி யன்னலில் பஸ்மினா. நேசராசா நாலடி ஓடி வந்து, பூப்போல ஒரு பந்தைப் போட்டார்.

ஜவுபர் கத்தினார். கத்திக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் பந்து வந்து பட்டது.

"அல்லாஹ்வே! என்ட காலு! போச்சே! முறிஞ்சி போச்சே!"

விழுந்தார், பிரண்டார், கோழிக் கூட்டுவரை உருண்டார். நேசராசா குனிந்து பந்தை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "யேசுவே, என்ன காரியம் செய்திட்டன்!" என்று தலையில் அடித்தார். சாறனில் முழங்காலுக்கு நேரே சிவப்பாக ஒரு வட்டம். ஜவுபரே அதைக் கண்டு ஒரு கணம் உண்மையாக நடுங்கிப் போனார்.

பஸ்மினா ஓடி வந்தாள். சாறனைப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"அசையாதிங்க மச்சான்! பரிசாரியாரக் கூப்பிடுறன்."

"பரிசாரியார் வேணாம் புள்ள. ஒரு பிளேன்டி குடிச்சாப் போதும்."

"கால் முறிஞ்சதுக்குப் பிளேன்டியா? வாய மூடிட்டுப் படுங்க!"

முறிவு வைத்தியம் பார்க்கிற முகம்மது தம்பிப் பரிசாரியார் ஆட்டோவில் வந்து இறங்கினார். கேற்றடியில் பஸ்மினா அவரோடு ஏதோ மெதுவாகக் கதைத்தாள். உள்ளே வந்தவர் காலைப் பிடித்தார், முறுக்கினார், இழுத்தார். அதுவரை நல்லபடி இருந்த கால் அப்போதுதான் நோகத் தொடங்கியது.

"இது வெளியால தெரியாத முறிவு. இதுதான் பொல்லாத சாதி," என்றார். நாறுகிற எண்ணெயில் பச்சிலையை அரைத்து அப்பி, நாலு மூங்கில் பத்தை வைத்து, இடுப்புவரை கட்டிவிட்டார். "ஏழு நாளைக்கு எழும்பப்படா. மாடு, கோழி, கத்தரிக்காய், நெய் ஒண்டும் படப்படா. கஞ்சி மட்டும்."

"ஏழு நாளா?" ஜவுபர் எழும்பியே விட்டார். பஸ்மினா பிடித்துப் படுக்க வைத்தாள்.

விஷயம் என்னவென்றால், வியாழக்கிழமை பகல் இரண்டு வேலி தள்ளி றஸாக் ஹாஜியார் வீட்டில் கலியாண விருந்து. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹன் சாப்பாடு. மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, கடைசியில் வட்டிலப்பம். ஜவுபர் அதை நினைத்து ஒரு மாதமாகக் காத்திருக்கிறார்.

புதன்கிழமை முழுக்க ஊர் வந்து நோய் விசாரித்துவிட்டுப் போனது. வந்தவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பக்கற் கொண்டு வந்தார்கள். பத்தியம் என்று சொல்லி பஸ்மினா எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்தாள். றஸாக் ஹாஜியாரும் வந்து கட்டில் ஓரத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒண்டுக்கும் கவலப்படாதிங்க ஜவுபர். சஹன்ல ஒங்கட இடத்துக்கு நேசராசாவப் போட்டிருக்கன்."

ஜவுபரின் கண் கலங்கியது. "நோவு போல," என்று ஹாஜியார் இரக்கப்பட்டுப் போனார்.

பின்னேரம் அம்ஹா வந்து கால்மாட்டில் இருந்தாள்.

"வாப்பா, நீங்க முன்னங்கால முன்னுக்குப் போட்டிருக்கணும். பின்னுக்குப் போனதாலதான் பட்ட."

"ஓம் மகள்."

"நோகுதா?"

"…கொஞ்சம்."

"ஒங்களுக்கு இப்பிடி நோகுமெண்டா நான் விளையாடல்ல வாப்பா. டீச்சருக்குச் சொல்லிடுறன்."

சொல்லிவிட்டு, பந்தைக் கொண்டுபோய் மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். அந்தப் பின்னேரம் சுவரில் ஒரு டொக்கும் கேட்கவில்லை. ஜவுபர் நினைத்தது நடந்துவிட்டது. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வீடு, சாவு விழுந்த மையத்து வீடு மாதிரிக் கிடந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஏமாற்றிப்போட்டேனே என்று நெஞ்சு குறுகுறுத்தது. சத்தம் வந்த காலத்தில் ஒவ்வொரு டொக்குக்கும் பயந்த மனுஷன், இப்போது ஒரு டொக்காவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

வியாழக்கிழமை விடிந்தது. ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகே ஹாஜியார் வீட்டில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். நெய்யில் வெங்காயம் பொரிகிற வாசம் வேலி தாண்டி, யன்னல் தாண்டி, நேரே ஜவுபரின் மூக்குக்கு வந்தது. பஸ்மினா ஒரு கையில் கஞ்சிக் கோப்பையும் மறு கையில் வெள்ளைச் சாறனுமாக வந்தாள்.

"மச்சான், இந்தச் சாறன ரெண்டு நாளாத் தோய்க்கிறன். ரத்தம் போகுதில்லயே."

"பொல்லாத அடிதானே புள்ள."

"ரத்தமெண்டா சவக்காரத்துக்குப் போகும். இது ஒங்கட கடைத் தின்னருக்குத்தான் போகுது."

ஜவுபர் கூரையைப் பார்த்தார்.

"கால்ல ஒரு கீறலும் இல்ல. அப்ப ரத்தம் எங்கால வந்த?"

"உள்காயம் புள்ள."

"உள்காயத்து ரத்தம் வெளியால சாறனுக்கு எப்பிடி வந்த?"

கூரையில் இதற்குப் பதில் இருக்கவில்லை. பஸ்மினா கஞ்சியை மேசையில் வைத்தாள். இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசியும் பேனையும் எடுத்தாள்.

"நான் சண்டைக்கு வரல்ல. ஒரு சொல்லுச் சொல்லுங்க. அடி மெய்யா, பொய்யா? மெய்யெண்டா இன்னும் அஞ்சு நாளைக்குக் கஞ்சி. பொய்யெண்டா புள்ளயிட்ட உண்மையச் சொல்லிட்டு, இதுல ஒப்பத்த வைங்க. சஹனுக்குப் போகலாம்."

வேலிக்கு அப்பால் இறைச்சிக் கறி கொதித்தது. அது ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் அவரைக் கூடுதலாக இழுத்தது அந்தச் சத்தமில்லாத சுவர்தான்.

"அம்ஹா, இஞ்ச வாம்மா," என்று கூப்பிட்டார். பள்ளிக்கூட உடுப்போடு அவள் வந்து நின்றாள். "வாப்பாட காலுக்கு ஒண்டுமில்ல. அது டென்னிஸ் பந்து. பெயின்ட் அடிச்ச. ஒனக்கு ஏதும் ஆகிடுமோ எண்டு பயத்துலதான் அப்பிடிச் செஞ்ச. வாப்பாவ மன்னிச்சிடு மகள். நீ விளையாடு."

அம்ஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. பிறகு வாப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த அவசரத்தில், மூக்குக்கண்ணாடியும் போடாமல், பஸ்மினா விரல் வைத்த இடத்தில் ஜவுபர் ஒப்பம் வைத்தார். அம்ஹா கடதாசியைப் பறித்துப் புத்தகப் பைக்குள் போட்டாள். லாச்சி திறந்தது. பள்ளிக்கூட வான் வருவதற்குள் வளவில் மூன்று டொக் கேட்டது. ஜவுபருக்கு உயிர் வந்தது.

மூங்கிலை அவிழ்த்தெறிந்து, தலைக்குக் குளித்து, பச்சிலை நாற்றம் போக அத்தரை அள்ளிப் பூசி, பகல் பன்னிரண்டு மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டார். ஒப்பம் போனாலும் பெரிய மனுஷனாக நடந்துகொண்ட பெருமை முகத்தில் தெரிந்தது.

"பாத்தியா புள்ள, கடைசியில என்ட ஒப்பம் இல்லாம ஒண்டும் நடக்கல்ல."

"அம்ஹாட கடிதத்த நான் திங்கக்கிழமையே ஒப்பம் வெச்சிக் குடுத்திட்டன் மச்சான். உம்மாட ஒப்பம் போதுமெண்டு டீச்சர் சொன்ன."

ஜவுபர் ஒரு செருப்போடு நின்றுவிட்டார்.

"அப்ப காலையில நான் வெச்ச?"

"அது சனிக்கிழமை மெச்சுக்கு. புதுசா அணி தொடங்கினதுக்குப் புள்ளைகளும் வாப்பாமாரும் விளையாடுற. வாப்பாமார் பக்கத்தில ஆரும் பேர் குடுக்கல்லயாம். நீங்கதான் முதல்ல இறங்கி அடிக்கிற."

"கடினபந்தா?"

"ஓம்."

"முதல் ஓவர் ஆரு போடுற?"

"ஒங்கட மகள்தான். அடி பட்டா பாடசாலை பொறுப்பில்ல எண்ட வரிக்குக் கீழதான் ஒப்பம் வெச்சிருக்கிங்க. போங்க மச்சான், சஹன் ஆறிடும்."