ஒரு ஆட்டமும் தோற்காத அணி

ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஒரு லீக் என்றால் குறைந்தது நான்கு கிளப்புகள் இருக்க வேண்டும், இல்லையேல் அது இழுத்து மூடப்படும் என்று நகரத்துத் தலைமையகம் ஆழ்ந்து ஆலோசித்து முடிவெடுத்திருந்தது. குரிங்கா வட்டாரத்துக் கோதுமைக்காட்டில் மிஞ்சியிருந்ததோ மூன்று.

சனிக்கிழமைதோறும் இரண்டு அணிகள் மோதும். மூன்றாவது சும்மா இருக்கும். சும்மா இருக்கும் அணிக்கு எதிரணி யார் என்று ஆட்ட அட்டவணை போடும் கம்ப்யூட்டர் விடாப்பிடியாகக் கேட்டது. குரிங்கா கிளப்பின் செயலாளர் ஜொலீன், 'ஓய்வு' என்று தட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் அதையும் ஒரு கிளப்பாகச் சேர்த்துக்கொண்டது.

ஜொலீன் செயலாளர் ஆனதே ஒரு விபத்து. ஆண்டுக் கூட்டத்துக்கு வராதவர் தலையில் பதவியைக் கட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். அன்று அவள் வெளியே காரில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தலைமையகத்திலிருந்து நைஜல் போன் பண்ணினார். "உங்க லீக்ல நாலு கிளப் இருக்குல்ல?"

மூடிவிட்டால் அடுத்த மைதானத்துக்கு ரெண்டு மணி நேரக் கார்ப் பயணம். சனிக்கிழமையும் போய்விட்டால் ஊரார் முகம் பார்க்க ஆடுகள்தான் மிச்சம்.

"கம்ப்யூட்டர்ல நாலு இருக்குங்க," என்றாள் ஜொலீன். அதில் பொய் ஒன்றுமில்லை.

பருவத்தின் நடுவில் நைஜல் நேரிலேயே வந்தார். பஞ்சு அடைத்த கையில்லாத மேலங்கி, சேறே பார்க்காத பூட்ஸ். புள்ளிப் பட்டியலைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"இந்த ஓய்வு கிளப்பப் பாருங்க. சண்டை இல்ல, நடுவரைத் திட்டினதில்ல, குடிச்சுட்டு வேலில காரை விட்டதில்ல. முன்மாதிரி."

"ஒரு கோலும் அடிக்கலையேப்பா," என்றார் கிளப் தலைவர் மெர்வ்.

"அவங்களுக்கு எதிரா யாராவது கோல் அடிச்சாங்களா?"

மெர்வ் யோசித்துப் பார்த்தார். யாரும் அடிக்கவில்லைதான்.

மற்ற மூன்று அணிகளும் ஒன்றையொன்று மாறி மாறித் தோற்கடித்ததில் மூன்றுக்கும் புள்ளிகள் சமமாகின. ஒரு ஆட்டமும் தோற்காத அணி என்ற வகையில் ஓய்வு நேரே இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றது. இன்னொரு பக்கம் குரிங்கா முட்டி மோதி வந்து சேர்ந்தது.

ஊரே சந்தோஷப்பட்டது. இந்தக் கோப்பை எங்கே போய்விடப் போகிறது? மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. கோல் நடுவர் தன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். வந்திருந்த குரிங்கா வீரர்கள் மட்டும் பதின்மூன்று பேர்தான். மூன்று பேர் கல்யாணம் என்று பாலித் தீவுக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள், எதிரே யாருமில்லையே என்று மருந்தடிக்க வயலுக்குப் போயிருந்தார்கள்.

"பதினாலு பேர் இல்லேன்னா விட்டுக்கொடுத்ததா அர்த்தம்," என்றார் நைஜல்.

"அந்தப் பக்கம் எத்தனை பேருங்க?" ஜொலீன் மெல்லக் கேட்டாள்.

"அவங்க தரப்புல குறைன்னு புகார் எதுவும் வரலையேம்மா. ஏன், அவங்க வரலியா?"

மெர்வ் அவள் விலாவில் இடித்தார். அப்படி ஒரு அணியே இல்லை என்று சொன்னால் கோப்பை கிடைக்கும், லீக் போய்விடும். இடுப்பிலிருந்த பிள்ளை, மீட்-பை பலகாரம் தின்ற கையால் அவள் முகத்தைத் துடைத்தது.

"வந்திருப்பாங்க," என்றாள். "அவங்க எப்பவுமே அமைதி."

ஓய்வு வென்றது. கார்கள் ஹாரன் அடித்தன. கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு நைஜல் அதனுடன் படம் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் குரிங்காவுக்கு ஆடும் ஜொலீனின் புருஷன் கிரெய்க், அடிபட்ட தன் முழங்காலைத் தடவினான். "பயிற்சி இல்ல, அடி இல்ல, கப் மட்டும் உண்டு. பேசாம அங்க சேர்ந்திருக்கலாம்டி."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா வண்டிய ஓட்டு."

சாம்பியன் கிளப் ஆண்டுக் கூட்டம் நடத்தியாக வேண்டும் என்று கோடையில் உத்தரவு வந்தது. நைஜல் வந்து உட்கார்ந்தார். இந்த முறை ஜொலீன் ஏமாறவில்லை. பிள்ளையோடு முதல் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். வேறு யாரும் வரவில்லை.

ஊர் வழக்கப்படி, ஊரில் வராதவர்கள் அனைவரும் ஓய்வு கிளப்பின் நிர்வாகிகளாக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மெர்வ் தலைவர், கிரெய்க் கேப்டன். ஒரு கிளப்பின் நிர்வாகி இன்னொரு கிளப்புக்கு ஆடக்கூடாது என்பது தலைமையகத்து விதி.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம், குரிங்காவும் ஓய்வும். ஊர் மொத்தமும் காரில் வந்து மைதானத்தைச் சுற்றி நிறுத்திக்கொண்டது. நடுவர் விசில் ஊதி, ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைத் தரையில் அடித்தார். இரண்டு பக்கமும் ஆளில்லாத மைதானத்தில் அது எழும்பி, விழுந்து, உருண்டு நின்றது.

"சபாஷ்," என்று எழுதிக்கொண்டார் நைஜல். "இப்ப ரெண்டு முன்மாதிரி கிளப்."