ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு கவுன்சலிங்

அடுத்தவர் பயத்தைப் போக்குவது என் தொழில். என் பயத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்: காட்டெருமை என்றால் எனக்குக் குலை நடுங்கும்.

குன்னூரில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்வது வெட்கக்கேடு. இங்கே தெருவில் காட்டெருமை வந்தால், ஜனங்கள் பால் பாக்கெட்டோடு ஓரமாக நின்று வழிவிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். நான் பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்கள் ஊரில் மாடு என்றால் மாடு அளவில்தான் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் ஆன்லைனில் கவுன்சலிங் ஆரம்பித்தேன். 'பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும், ஒவ்வொருவருக்கும் தனித்தனி அணுகுமுறை' என்று நோட்டீஸ்கூட அடித்தேன். ரிட்டயரான பேங்க் மேனேஜர் ஒருவருக்குக் கவலைகளைக் கட்டம் போட்டு எழுதவைத்தேன். கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குக் குழந்தை தூங்கும் நேரத்தில் இருபது நிமிடம், அதுவும் ரகசியக் குரலில். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் கீர்த்தனா வந்தாள். (இதை எழுதச் சொன்னதே அவள்தான். "என் பேரை மட்டும் மாத்திருங்க மேடம், மாட்டோட பேரு தெரிஞ்சா அப்படியே போடுங்க" என்றாள்.)

கேத்திப் பக்கம் காரட் போடுகிற குடும்பம். பிளஸ் ஒன் படித்தாள். ஒருநாள் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது மூச்சு முட்டி உட்கார்ந்தவள், அதன்பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. என்னிடம் மூன்று வாரம் வந்தாள். கேமராவை அணைத்துவிட்டு 'ம்', 'ம்ஹூம்' இரண்டே வார்த்தைதான். நானும் விடாமல் மூச்சுப்பயிற்சி, கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சொல்கிற பயிற்சி என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் 'ம்' தான்.

நான்காவது வாரம் அவள் அப்பா போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னைக்கும் புள்ள வாயத் தொறக்கலைன்னா விட்டுரலாமுங்க. ஸ்கூல்ல டிசியும் வாங்கிட்டு வந்தர்றேன். தோட்டத்துலயே இருந்துட்டுப் போகட்டும்."

கடைசி வார்த்தைக்கு அவர் குரல் கம்மிவிட்டது. சாயங்காலம் வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன்.

அன்றைக்கு என் தனித்தனி அணுகுமுறை உச்சத்துக்குப் போனது. இந்த வயதுப் பெண்களுக்குக் கொரியப் பாட்டுக்காரர்கள் என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, அவர்களில் ஒரு குழுவின் ஏழு பையன்களின் பெயரையும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். (ஏழு பேருக்கும் ஒரே முகம் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.) பெயர்களைத் தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டேன். ஸ்டீயரிங் ஏன் என்றால், வீட்டில் மாமனாரின் டிவி சத்தத்தில் யாருடைய மனதையும் கேட்க முடியாது. எஸ்டேட் ரோட்டு வளைவில் காரை நிறுத்தினால் சிக்னலும் வரும், ஒட்டுக்கேட்க ஆளும் இருக்காது.

சாயங்காலம் நான்கு மணி. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. போனை டாஷ்போர்டில் சாய்த்துவைத்து, ஏழு பெயரையும் கடகடவென்று ஒப்பித்து, "இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று குழைந்தேன்.

"எனக்கு அதெல்லாம் புடிக்காதுங்க மேடம்."

மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

அடுத்து என்ன கேட்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது கார் ஆடியது. ஜன்னல் கண்ணாடியில் என் முகத்துக்கு நேராக ஈரமான ஒரு மூக்கு. அதற்கு மேலே கொம்புகள். அந்த மகராசன் என் காரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏசப்பா!" என்று அலறிக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் சரிந்தேன். முழங்கை ஹார்னில் மாட்டிக்கொண்டது. கார் ஆட ஆட ஹார்ன் அலறியது.

"மேடம், ஹார்ன்ல இருந்து கைய எடுங்க! மாடு மெரண்டுருமுங்க!"

போனிலிருந்து அவள் குரல். என் கேமராவில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கையை எடுத்தேன்.

"முடியலையே கண்ணு, செத்துருவேன் போல இருக்கே!"

"எங்க தோட்டத்துக்குத் தெனமும் வருமுங்க. சும்மா இருந்தா அதுபாட்டுக்குப் போயிரும். மூச்ச இழுங்க. நாலு எண்ணுங்க. இப்ப மெதுவா விடுங்க." நான் சொல்லிக்கொடுத்த அதே பாடம். "கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருள் சொல்லுங்க."

"மாடு."

"ம். அப்புறம்?"

"கொம்பு. இன்னொரு கொம்பு."

"ரெண்டு வேற சொல்லுங்க."

"மூக்கோட்டை. அந்தப் பக்கம் இன்னொரு மூக்கோட்டை."

போனில் குபீரென்று ஒரு சிரிப்பு. அண்ணாந்து பார்த்தேன். கேமராவைப் போட்டிருந்தாள். இரட்டைப் பின்னல், சிரித்ததில் கண்ணில் தண்ணீர். மாடு பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனது.

"மேடம், இப்ப உங்களுக்கு நெஞ்சு படபடன்னு, காலே இல்லாத மாதிரி இருந்துச்சுல்லீங்க? எனக்குக் கிளாஸ்ல அப்படியேதானுங்க இருந்துச்சு. வாசிக்கறதுக்கு எதுக்குப் பயம்னு எல்லாரும் கேக்கறாங்க. அங்க ஒரு மாடுகூட இல்லீங்களே, நான் எதைக் காட்டறது?"

நாற்பது நிமிடம் பேசினாள். எழுந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுமோ என்று ஸ்டீயரிங்குக்கு அடியிலேயே மடங்கிக் கிடந்து கேட்டேன். அவள் போனை வைத்ததும் ஓவென்று அழுதேன். அவ்வளவு நிம்மதி.

இரண்டு வாரத்தில் பள்ளிக்கூடம் போனாள். முதலில் ஒரு பீரியட், பிறகு அரைநாள், பிறகு முழுநாள். அவள் அப்பா, "அப்படி என்னங்க மேடம் பண்ணுனீங்க?" என்று கேட்டார். "தனித்தனி அணுகுமுறைங்க" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அடுத்த மாதம் அவள் வகுப்பிலிருந்தே இன்னொரு பெண் வந்தாள். எடுத்த எடுப்பிலேயே கேமராவைப் போட்டாள். எப்படி என்னிடம் வரத் தோன்றியது என்று கேட்டேன்.

"கீர்த்தனாதானுங்க சொன்னா. எங்க மேடம் நம்மளவிட ரொம்பப் பயந்தவங்க, தைரியமாப் பேசலாம்னு."

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது சர்ச்சில் யாரைப் பார்த்தாலும் மாமனார் என்னை இழுத்து நிறுத்தி, "எம் மருமகளுங்க. இந்த மலையிலேயே இவளாட்டம் பயந்தாங்கொள்ளி கிடையாது. மனசுல எதாச்சும் இருந்தா இவகிட்டச் சொல்லுங்க" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான். சிரித்தவர்களில் யாராவது ஒருவர் மறுநாள் போன் செய்கிறார்.